உள்ளே சொருகின பேர்

அந்தச் சீலையை ஒருக்காக் கீழ வையும் பிள்ளை. கோவிக்காதையும், உம்மட கையிலயிருந்து நான் பறிக்கேல்லை. வையும் எண்டுதான் கேக்கிறன். ஓம், தமிழ்தான். உம்மைக் கண்டவுடனயே எங்கட பிள்ளை எண்டு எனக்கு விளங்கிப்போச்சு. வேற ஆர் இந்தக் கடைக்குள்ள வந்து கூறைச் சீலையை விரிச்சு, கரையைப் பெருவிரலால தேச்சுப் பாக்கிறது? வெள்ளைக்காரியள் எண்டா யன்னலுக்குப் போட அளவு பாப்பினம்.

முதல் ஒண்டு சொல்லும். உம்மைப் பத்மலோஜினி அனுப்பினவவோ? தெரியாதோ? வெள்ளிக்கிழமையில கோயிலுக்கு வாற மனுசி, பெரிய கண்ணாடி, நாடியில ஒரு மச்சம். தெரியாதெண்டாச் சரி. உம்மட முகத்தைப் பாத்தாப் பொய் சொல்லுற பிள்ளை மாதிரித் தெரியேல்லை. ஆனாப் பொய் சொல்லுற ஆக்களும் அப்பிடித்தான் இருப்பினம்.

அப்ப விக்கிறதுக்கோ? இப்ப கனபேர் இந்தக் கடையளில மலிவா வாங்கி, போனில படம் எடுத்துப் போட்டு, மூண்டு மடங்கு விலைக்கு விக்கினம். அதுவும் இல்லையோ. பின்ன என்னத்துக்கு இவ்வளவு நேரமா அதைத் தோளில போட்டுக் கண்ணாடியில பாத்தனீர்? சரி, சொல்ல விருப்பமில்லாட்டி விடும். இந்தக் கதிரையில இரும். விலை ஒட்டியிருந்தாலும் இருக்கலாம், நாலு நாளா நான் இதிலதான் வந்து இருக்கிறன். அங்க கல்லாவில நிக்கிற மாக்ரெற் ஒண்டும் சொல்லமாட்டா, சம்பளமில்லாமல் நிக்கிற மனுசி. சீலை உம்மட மடியிலயே இருக்கட்டும். நான் சொல்லுறதைக் கேட்டுப்போட்டு, பேந்தும் வேணுமெண்டா எடுத்துக்கொண்டு போம்.

அது என்ர மருமகளின்ர கூறை.

இல்லை, களவு போகேல்லை. இரும், முறையாச் சொல்லுறன். நான் போட்டிருக்கிற இந்தக் கோட்டைப் பாரும். தொட்டுப் பாரும், பயப்பிடாதையும். என்ன விலை இருக்கும்? சரியான கம்பளி, கடையில எண்டா முந்நூறுக்குக் குறையாது. நான் பதினாலு பவுணுக்கு எடுத்தனான். உள்துணி கிழியேல்லை, பொத்தான் ஒண்டும் மாறேல்லை. இந்தச் சப்பாத்தும் அப்பிடித்தான், இந்தப் பையும் அப்பிடித்தான். லண்டனுக்கு வந்து இருபத்தேழு வருசம். சனம் சும்மா குடுத்ததை விக்கிற இந்தத் தர்மக் கடையளில உடுப்பு எடுக்கிறதில என்னை வெல்ல ஒருத்தர் இல்லை எண்டு நான் சொன்னா அது புழுகில்லை. இவ்வளவு காலத்தில ஒரே ஒரு பிழைதான் விட்டனான். அந்தப் பிழை இப்ப உம்மட மடியில கிடக்கு.

சனி ஞாயிறில சனம் வீட்டைத் துப்புரவாக்கி மூட்டை கட்டிக் கொண்டுவந்து குடுக்கும். திங்கள் பின்னுக்கு அறையில வைச்சுத் தெரிவினம். செவ்வாய் காலமை வெளியில தூக்குவினம். செவ்வாய் பத்து மணிக்கு முதல் நிண்டாத்தான் நல்லது கிடைக்கும். கொலரைத் திருப்பிப் பாக்கவேணும், கக்கத்தை மணக்கவேணும், சிப்பை மூண்டுதரம் ஏத்தி இறக்கவேணும், யன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில பிடிக்கவேணும். அதோட, காசுக்காரர் இருக்கிற பக்கத்துக் கடைக்குத்தான் போகவேணும். எங்கட சனம் இருக்கிற பக்கம் போய் வேலையில்லை. எங்கட சனம் இந்தக் கடையளுக்குள்ள கால் வைக்காது எண்டு எல்லாரும் சொல்லுவினம். ஆனா அந்தப் பக்கத்துக் கடையில ஒரு நல்ல சுவெற்றர் மிஞ்சிக் கிடந்து நான் கண்டதில்லை. அது எப்பிடியெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

வாங்கினதை ஒருநாளும் இவையின்ர பையில கொண்டுபோறதில்லை. ஒரு சீலைக்கடைப் பை வைச்சிருக்கிறன், பதினொரு வருசமா அதே பைதான். வீட்டில கேட்டா சேல், மலிவு விலையில போட்டது எண்டுவன். என்ர மனுசனுக்குச் சேல் எண்ட ஒரு சொல்லுக் காணும், பேந்து பேப்பருக்குள்ள தலையை விட்டிடுவார். ஏன் ஒளிக்கிறதெண்டு கேக்கிறீரோ? நல்ல கதை. செத்த ஆக்களின்ர உடுப்பை வாங்கி உடுக்கிறா எண்டு சொல்லாயினமோ? கோயில்ல நாலு பேர் வந்து என்ர கோட்டைத் தடவி, எங்க எடுத்தனீங்கள் அக்கா எண்டு கேக்கேக்க எனக்கு வாற சந்தோசம் இருக்கே, அது பேந்து வருமோ?

கூறைக்கு வாறன். ரெண்டு வருசத்துக்கு முந்தி, தை மாசம். ஒரு ரெயில், ரெண்டு பஸ் எடுத்துப் போற கடை. நான் கூறை தேடிப் போகேல்லை, அதை நம்பும். குளிருக்கு ஒரு தொப்பி பாக்கத்தான் போனனான். யன்னல் சீலையள் போட்டிருந்த பெட்டிக்குள்ள கையை விட்டன், இது வருது. அரக்குச் சிவப்பு, ஒரு சாணுக்குச் சரிகைக் கரை. மடிப்புக் குலையேல்லை. பன்னிரண்டு பவுண் எண்டு ஒட்டியிருக்கு. பக்கத்தில நிண்ட ஒரு மனுசி என்னைப் பாத்தமாதிரி இருந்தது, உடன நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சிட்டன்.

ஆனி மாசம் என்ர மகன் துவாரகனுக்குக் கலியாணம். கூறை மாப்பிளை வீட்டார்தானே எடுக்கவேணும். அவன் அதுக்கெண்டு காசும் என்ர கையில தந்திட்டான். கூறை எண்டாக் கோடியா இருக்கவேணும், இன்னொருத்தி உடுத்ததைக் குடுக்கக்கூடாது எண்டு எனக்குத் தெரியாததோ? தெரிஞ்சுதான் வாங்கினனான். இப்பிடி ஒண்டைக் கண்டுபோட்டு வைச்சிட்டு வர எனக்கு மனம் வரேல்லை, அவ்வளவுதான். மகன் தந்த காசில ஒரு சதம் நான் எடுக்கேல்லை. முழுக்க மருமகளின்ர தாலிக்கொடியிலதான் போட்டனான். இண்டைக்கும் அந்தக் கொடியைப் பாத்தா ஆரும் ஒருக்காத் திரும்பிப் பாப்பினம்.

சென்னையில இருக்கிற என்ர மச்சாள் காஞ்சிபுரத்துக்கு நேர போய் எடுத்தனுப்பினது எண்டு எல்லாருக்கும் சொன்னன். மச்சாளுக்கும் போன் எடுத்து, ஆரும் கேட்டா ஓமெண்டு சொல்லு எண்டன். நல்ல நாள் பாத்துத் தலைப்பில மஞ்சளும் வைச்சன்.

கலியாணத்தண்டு தாலியையும் கூறையையும் தட்டத்தில வைச்சு, எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்கச் சபைக்குள்ள கொண்டுபோவினமே. மண்டபம் நிறைஞ்ச சனம். நான் மணவறைக்குப் பக்கத்தில நிண்டு அந்தத் தட்டத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். எல்லாரும் தொட்டுத் தொட்டு விட்டினம். பத்மலோஜினி மட்டும் விடேல்லை. இப்பிடி, நீர் செய்தமாதிரி, கரையைப் பெருவிரலால தேச்சுப் பாத்தவ. பேந்து நிமிந்து என்னைப் பாத்துச் சிரிச்சவ. பிடிபட்டுப்போனன் எண்டு நினைச்சன்.

அண்டையிலயிருந்து ரெண்டு வருசம் அந்த மனுசி என்னை நிம்மதியா இருக்க விடேல்லை. கோயில்ல கண்டா, உங்களுக்கு உடுப்பில நல்ல கண் எண்டுவா. அதுக்கு என்ன கருத்து? செவ்வாய் காலமை நான் பஸ்ஸுக்கு நிண்டா அவவும் நிப்பா, கக்கத்துக்குள்ள ஒரு பெரிய வெறும் பை மடிச்சு வைச்சுக்கொண்டு. என்னைக் கண்டவுடன மற்றப்பக்கம் திரும்பிடுவா. ஒருநாள் நாய் பூனைக்குக் காசு சேர்க்கிற கடையில, கோட்டுகளைத் தள்ளிப்போட்டுப் பாக்கிறன், அங்கால பக்கம் அவவின்ர கண்ணாடி தெரியுது. என்ன இஞ்ச எண்டு கேட்டன். மழைக்கு ஒதுங்கினனான் எண்டா. வெளியில நெருப்பு வெயில் பிள்ளை. கையில மூண்டு சட்டை வேற, அதில ஒண்டு நான் கண்வைச்சிருந்தது. என்னைப் பிடிக்கிறதுக்காண்டி எவ்வளவு தூரம் நடிக்கிறா எண்டு பாரும்.

மருமகளிலயும் எனக்குச் சந்தேகம் இருந்தது. கலைமதி எண்டு பேர், கிளிநொச்சிப் பக்கம். படிக்கவெண்டு இஞ்ச வந்து, கலியாணமும் இஞ்சதான் நடந்தது. தாய் மனுசிக்கு அப்ப விசாக் கிடைக்கேல்லை, படத்திலதான் பாத்தவ. பிள்ளை அதிகம் கதைக்காது. வாங்கோ மாமி, சாப்பிடுங்கோ மாமி, அவ்வளவுதான். கதைக்காத ஆக்களை நான் லேசில நம்புறேல்லை. மனதுக்குள்ள என்ன வைச்சிருக்கினம் எண்டு தெரியாதே. ஆனா ஒண்டு, தைப்பொங்கல், வருசப்பிறப்பு எண்டு நல்ல நாளில எல்லாம் இந்தச் சீலையைத்தான் உடுத்தவள். நான் வாங்கிக் குடுத்த வேற சீலை இருக்கத்தக்கதா இதைத்தான் எடுப்பாள். என்னைக் குத்திக்காட்டத்தான் உடுக்கிறாளோ எண்டுகூட நான் யோசிச்சிருக்கிறன்.

இப்ப தாய்க்கு விசாக் கிடைச்சிட்டுது. வாற சனிக்கிழமை வந்து இறங்கிறா. போன ஞாயிறு வீடு ஒதுக்க உதவிக்கு நான் மகன் வீட்டுக்குப் போனன். சம்மந்தி வந்தவுடன கூறையைக் கேப்பா, எடும், ஒருக்காக் காத்தாட விடுவம் எண்டன். அதுக்கு அவள், சீலை இல்லை மாமி, ஸ்ரேசனுக்குப் பக்கத்துத் தர்மக் கடையில குடுத்திட்டன் எண்டாள்.

நான் கட்டில்ல இருந்திட்டன். எனக்கு வந்த முதல் கேள்வி என்ன தெரியுமோ? பத்மலோஜினி உமக்கு எப்ப சொன்னவ எண்டு கேட்டன். அவளுக்கு ஒண்டும் விளங்கேல்லை. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை மாமி, கலியாணத்தண்டே தெரியும் எண்டாள்.

நீர் இப்ப அந்த உள்தலைப்பை விரியும். முந்தானைப் பக்கம் இல்லை, இடுப்பில சொருகிற பக்கம். அந்த மூலையில, சரிகைக்கு மேல. தெரியுதோ? தங்க நூலால சின்னனாத் தைச்சிருக்கு. வாசியும். சுதர்சன், மயூரி. கீழ திகதியும் போட்டிருக்கு. ஆரெண்டு எனக்குத் தெரியாது. நான் முந்தானை பாத்தன், கரை பாத்தன், கறை பாத்தன், வெளிச்சத்தில பிடிச்சும் பாத்தன். உள்ளுக்குச் சொருகிறதை நான் பாக்கேல்லை. இருபத்தேழு வருசப் பழக்கம் இருந்து என்ன பிரயோசனம்?

மணவறையிலயிருந்து கூறை மாத்தப் போன அறையில அவள் அதைக் கண்டிருக்கிறாள். சீலை உடுத்திவிட்ட பெட்டை காணமுதல், தானே பிடிச்சு இடுப்புக்குள்ள சொருகிப்போட்டு வந்து மணவறையில இருந்திருக்கிறாள். ரெண்டு வருசம் மூச்சு விடேல்லை. துவாரகனுக்கும் சொல்லேல்லை.

உமக்குக் கோவம் வரேல்லையோ எண்டு கேட்டன். அவள் அலுமாரியைப் பாத்துக்கொண்டு சொன்னாள், "சண்டை முடிஞ்சு முகாமில இருக்கேக்க எனக்கு ஒன்பது வயசு மாமி. வெளிநாட்டிலயிருந்து மூட்டையில உடுப்பு வரும். எனக்குக் கிடைச்ச சட்டையின்ர கழுத்தில ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின்ர பேர் தைச்சிருந்தது. ஒரு வருசம் அந்தப் பேரோடதான் திரிஞ்சனான். அந்தச் சட்டையில எனக்குச் சரியான விருப்பம்."

நான் கட்டில்ல கிடந்த துவாயளை எடுத்து மடிச்சன்.

அப்ப ஏன் குடுத்தனீர் எண்டு பேந்துதான் கேட்டன். அம்மா வந்தா விரிச்சு, முழுக்கத் தடவிப் பாத்துத்தான் மடிப்பா மாமி, பேரைக் கண்டா உங்களைக் குறைவா நினைப்பா, கோயிலுக்குக் குடுத்திட்டம் எண்டு சொல்லுவம் எண்டாள். நூலைப் பிரிச்சிருக்கலாமே எண்டன். அவையின்ர பேரைப் பிரிக்க எனக்கு மனம் வரேல்லை எண்டாள்.

உண்மையைச் சொல்லுறன் பிள்ளை, அவளையும் நான் ரெண்டு நாள் நம்பேல்லை. ஒருத்தி ஒரு காரணமும் இல்லாமல் ஏன் இவ்வளவு நல்லவளா இருக்கவேணும்? என்னட்ட என்ன எதிர்பாக்கிறாள்? வீட்டையோ, நகையையோ? எல்லாப் பக்கத்தாலயும் யோசிச்சுப் பாத்தன். ஒண்டும் பிடிபடேல்லை. எனக்கு அதுதான் பெரிய அந்தரமாப் போச்சு.

முதல் இதைத் தேடி வந்தது, எங்கட சனத்தின்ர கையில அகப்படமுதல் வாங்கி எங்கையாவது ஒளிக்கத்தான். ஆனா ஞாயிறு நான் வெளிக்கிடேக்க அவள் அலுமாரியைச் சாத்தினதைக் கண்டனான். கூறை தொங்கின ஹாங்கர் வெறுமையாக் கிடந்தது. மற்ற உடுப்பெல்லாம் நெருக்கிக்கொண்டு கிடக்கு, அந்த ஹாங்கரில மட்டும் அவள் ஒண்டும் போடேல்லை. என்ர மரியாதைக்காகத் தன்ர கூறையைக் குடுத்துப்போட்டு அந்தப் பிள்ளை நிக்குது. நேற்று அது நினைவில வந்து எனக்கு வெக்கமாப் போச்சு. கழட்டின உடுப்பை வாங்கினதுக்கு இல்லை. நான் அவளைப் பாத்த பார்வைக்கு.

திங்களில இருந்து வாறன். இன்னும் வெளியில போடேல்லை எண்டு மாக்ரெற் சொல்லிக்கொண்டிருந்தா. இண்டைக்கு வியாழன், வாறன், உம்மட தோளில கிடக்கு. இஞ்ச பாரும், தங்க நூலும் வாங்கிக்கொண்டு வந்திட்டன். இதைக் கொண்டுபோய், அந்த ரெண்டு பேருக்கும் கீழ என்ர பிள்ளையளின்ர பேரையும் தைச்சு அலுமாரியில தொங்கவிடப்போறன். சம்மந்தி விரிச்சுப் பாக்கட்டும். கேட்டா நானே சொல்லுறன், நான்தான் இதைப் பன்னிரண்டு பவுணுக்கு எடுத்தனான் எண்டு. சொல்லுவன் எண்டுதான் நினைக்கிறன். மச்சாளின்ர கதை வாயில வரமுதல் சொல்லிப்போடவேணும்.

என்ன? இந்தாங்கோ எண்டு உடன தாறீர்? ஏன் பிள்ளை? இவ்வளவு நேரம் நெஞ்சோட பிடிச்சிருந்தனீர், ஒரு சொல்லுச் சொல்லாமல் தாறீர். எங்கையாவது கிழிசலைக் கண்டனீரோ? இரும், வெளிச்சத்தில பிடிச்சுப் பாப்பம். இல்லை, ஒண்டும் இல்லை. அப்ப விலை கூடவெண்டோ? என்ரயப்பன், முப்பத்தைஞ்சு போட்டிருக்கிறா மாக்ரெற், இவவும் விலை போடப் படிச்சிட்டா.

இஞ்ச திரும்பும். ஏன் கண் கலங்கியிருக்கு? என்ர கதைக்கு அழுறீர் எண்டு சொல்லாதையும், நான் நம்பமாட்டன்.

ஆருக்கு, உமக்கோ? எப்ப கலியாணம்? பதினாலாம் திகதியோ. வாற மாசமோ. மாப்பிளை வீட்டாரெல்லோ கூறை எடுக்கிறது, அவை எங்க? ரெண்டு பகுதியும் ஊரிலயோ. இஞ்ச ஒருத்தரும் இல்லையோ. எந்த இடம் நீர்? திருகோணமலை. அவரும் அங்கதானோ. ரெண்டு பேரும் வயசு போன ஆக்களைப் பாக்கிற வேலையோ. ம்.

அப்ப அதைத்தான் சொல்லாமல் இருந்தனீர். நான் வேற விக்கிறீரோ எண்டு கேட்டனான். முதலே சொல்லியிருக்கலாமே. சரி, ஆர்தான் முதலே சொல்லுகினம்.

கண்ணைத் துடையும். மாக்ரெற் பாக்கிறா, நான் உம்மை வெருட்டினனான் எண்டு நினைக்கப்போறா. கேளும். காசை நான் குடுக்கிறன். சீலை என்ர மருமகளுக்குத்தான், அதில மாற்றமில்லை. சம்மந்தி பாக்கிற அளவும் அலுமாரியில கிடக்கட்டும். பதின்மூண்டாம் திகதி வந்து வாங்கிக்கொண்டு போம். பதினாலாம் திகதி உடும். உடுத்துப்போட்டுக் கறை பிரளாமல் கொண்டுவந்து அவளின்ர கையில குடும். அவளிட்டக் கேக்கத் தேவையில்லை, அவள் ஓமெண்டுதான் சொல்லுவாள். அவள் அப்பிடித்தான், ஏனெண்டு கேக்காதையும், எனக்கும் தெரியாது.

ஆனா நான் விசரியில்லை. ரெலிபோன் நம்பரைச் சொல்லும். சொன்னாக் காணாது, இப்ப என்ர போனுக்கு அடியும், என்ர பைக்குள்ள அது அடிக்குதோ எண்டு நான் பாக்கவேணும். வீட்டு விலாசத்தையும் இதில எழுதும். பதினைஞ்சாம் திகதி சீலை வராட்டி நான் உம்மட வாசல்ல வந்து நிப்பன்.

ம். அடிக்குது.

உம்மட பேரை நீர் இன்னும் சொல்லேல்லை. முழுப் பேரையும் சொல்லும். மாப்பிளையின்ர பேர் என்ன? வடிவாச் சொல்லும், எழுத்துப் பிழைக்கக்கூடாது. நூல் கன நீளம் கிடக்கு, என்ர பிள்ளையளின்ர பேருக்குக் கீழயும் இடம் கிடக்கு.